காயம் ஆறும்போது ஏன் இப்படி அரிக்குது? பக்கைப் பிச்சு எறியணும் போல இருக்கு

முட்டிசிராய்ப்பு:

வண்டில இருந்து விழுந்து முட்டில நல்லா சிராய்ச்சுக்கிட்டேன். முதல்ல எரிச்சல், அப்புறம் வலி, முட்டிய மடக்கினா உசுரு போகும், அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். இப்ப வலி சுத்தமா இல்ல. கருப்பா கெட்டியா பக்கு கட்டிருக்கு, ஒரு ஓரம் மட்டும் லேசா தூக்கிக்கிட்டு நிக்குது, அதுக்கு அடியில ரோஸ் கலர்ல புதுத்தோல் தெரியுது. ஆனா அரிப்பு இருக்கே, வலியவே பல்லக் கடிச்சு தாங்கிட்டேன், இத தாங்க முடியல. பகல்ல ஏதாவது வேலைல இருந்தா பரவால்ல, படுத்தா போதும் ஆரம்பிச்சிரும், தூக்கத்துல நானே சொறிஞ்சுக்கறேன் போல, காலைல பார்த்தா பெட்ஷீட்ல ரத்தக்கறை.

வீட்ல கேட்டா "அரிக்குதுன்னா ஆறுதுன்னு அர்த்தம், கைய வைக்காம இரு"ன்னு ஒரே பதில். சரி ஆறுது, சந்தோஷம், அதுக்கு எதுக்கு அரிக்கணும்? பக்கு காஞ்சு தோலை இழுக்கறதாலயா, இல்ல உள்ள வேற ஏதாவது நடக்குதா? சொறிஞ்சா அந்த ஒரு நிமிஷம் சொர்க்கம், கைய எடுத்த உடனே முன்னவிட அதிகமா அரிக்குது, அது ஏன்னும் தெரிஞ்சா சொல்லுங்க. மருந்து பேரு கேட்கல, காரணம் புரிஞ்சா கைய அடக்கிக்கலாம்னு ஒரு நம்பிக்கை, அவ்ளோதான்.

சும்மா_ஒருத்தன்:

வீட்ல சொன்னது சரிதான் பாஸ், ஆறும்போது அரிக்கத்தான் செய்யும், எல்லாருக்கும் அப்படித்தான். ஏன்னெல்லாம் எனக்குத் தெரியாது. இத படிக்க ஆரம்பிச்சதுல இருந்து காயமே இல்லாத என் கணுக்கால் அரிக்குது, அதுக்கும் சேர்த்து யாராவது காரணம் சொல்லுங்க.

செல்_கிறுக்கன்:

பக்கு இழுக்கறதும் ஒரு காரணம், ஆனா உள்ள நடக்கறதுதான் பெரிய பங்கு. கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், அரிப்பை மறக்கவாவது படிங்க.

அடிபட்ட உடனே ரத்தம் உறையுது. பிளேட்லெட் எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கும், ஃபைப்ரின்னு ஒரு புரத நூல் வலையா பின்னும், அதுல ரத்த செல்லெல்லாம் மாட்டிக்கும், மேல் பக்கம் காத்து பட்டு காய்ஞ்சா அதுதான் பக்கு. அதுக்குள்ள கிருமி புகுந்திருந்தா அடிக்கணும், செத்த செல்லை அள்ளிப் போடணும், அதுக்கு வெள்ளணுக்கள் ரத்தக்குழாய விட்டு வெளிய வரணும். தோலுக்குள்ள மாஸ்ட் செல்னு ஒண்ணு இருக்கு, ரத்தக்குழாய் பக்கத்துலயும் நரம்பு முனை பக்கத்துலயும்தான் அதிகமா உட்கார்ந்திருக்கும். அது உடைச்சு விடற ஹிஸ்டமின்ங்கற ரசாயனம் ரத்தக்குழாய விரிச்சு கசிய வைக்குது, அதனாலதான் காயத்தைச் சுத்தி சிவப்பு, வீக்கம், சூடு. வெள்ளணுவுக்கு வழி விடறதுக்காக வந்த அதே ஹிஸ்டமின் பக்கத்துல இருக்கற நரம்பு முனையிலயும் போய் ஒட்டுது. மூளைக்கு போற சேதி "அரிக்குது". கொசு கடிச்சா தடிச்சு அரிக்கறதும் இதே ஹிஸ்டமின் சமாச்சாரம்தான்.

அந்த சேதிய கொண்டு போறது சி ஃபைபர்னு சொல்ற ரொம்ப மெல்லிசான நரம்பிழை. மேல மயலின்ங்கற கொழுப்பு உறை கிடையாது, அதனால வேகமும் கிடையாது, நொடிக்கு ஒரு மீட்டர் பக்கம்தான் போகும், சிலது அதுக்கும் கம்மி. ரொம்ப காலமா அரிப்புங்கறது சின்ன அளவுல வர்ற வலிதான்னு நினைச்சிட்டிருந்தாங்க. 1997ல ஜெர்மனில ஒரு குழு ஆளுங்களோட கால் நரம்புல மெல்லிசான ஊசி எலக்ட்ரோட வச்சு கேட்டுப் பார்த்தப்ப, அழுத்தினா கண்டுக்காத, ஆனா ஹிஸ்டமின் பட்டா மெதுவா ஆரம்பிச்சு விடாம சிக்னல் விடற சி ஃபைபர் தனியா இருக்கறது தெரிஞ்சுது. அந்த சிக்னல் ஏறி இறங்கின நேரமும் அவங்க "இப்ப அரிக்குது"ன்னு சொன்ன நேரமும் ஒத்துப் போச்சு. அப்புறம் 2007ல எலிகள்ல தண்டுவடத்துல இருக்கற ஒரு ரிசெப்டரை (சேதிய வாங்கற புரதம்) எடுத்துட்டுப் பார்த்தா சொறியறது குறைஞ்சு போச்சு, வலி மட்டும் எப்பவும் போல இருந்துச்சு. ஆக வலிக்கும் அரிப்புக்கும் கொஞ்ச தூரமாவது வேற வேற பாதை இருக்கு. மார்ஃபின் கொடுத்தா வலி அடங்கி உடம்பு அரிக்க ஆரம்பிக்கறதையும் இதோட சேர்த்துப் பாருங்க, அரிப்பு சின்ன வலியா இருந்தா வலி மருந்துல அதுவும் அடங்கியிருக்கணும்ல.

இதுவரைக்கும் சொன்னது முதல் சில நாள் கதை. உங்களுக்கு வீக்கம் எல்லாம் வடிஞ்சப்புறம்தான் அரிப்பு உச்சத்துல இருக்கு, அது ஹிஸ்டமினை மட்டும் வச்சு விளங்காது. காயம் மூட ஆரம்பிச்சதும் டிஜிஎஃப் பீட்டாங்கற ஒரு சிக்னல் புரதம் அங்க நிறைய சுரக்கும், தோலுக்கு வலு கொடுக்கற கொலாஜன்ங்கற நார்ப்புரதத்தைப் புதுசா போடச் சொல்லி, அதைச் செய்யற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லை விரட்டறதுல அதுக்கு பெரிய பங்கு. 2020ல எலிகள்ல பண்ணின ஒரு ஆராய்ச்சில பார்த்தது, இதே டிஜிஎஃப் பீட்டா தோலுக்குள்ள இருக்கற டென்ட்ரிடிக் செல்ங்கற நோய் எதிர்ப்பு செல்லைத் தூண்டி இன்டர்லூகின் 31ங்கற பொருளைச் சுரக்க வைக்குது, அது நேரா நரம்பைத் தட்டி அரிப்பைக் கிளப்புது. எக்ஸிமா மாதிரி அரிப்பு நோய்கள்லயும் இந்த இன்டர்லூகின் 31 பேரு அடிபடும். அதாவது காயத்தை ஆத்தற சிக்னலே அரிப்பையும் கூட்டிட்டு வருது. உங்க வீட்ல சொன்னதுல அந்த அளவுக்கு விஷயம் இருக்கு.

இது போக பக்குக்கு அடியில ஒரு வேலை நடக்குது பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது. சிராய்ப்புல மேல்தோல் போயிருந்தாலும் முடி முளைக்கற குழிக்குள்ள தோல் செல் மிச்சம் இருக்கும், ஓரத்துலயும் இருக்கும். அந்த செல்லெல்லாம் தட்டையாகி, பக்கத்து செல்லோட இருக்கற பிடிய தளர்த்திக்கிட்டு, பக்குக்கும் கீழ ஈரமா இருக்கற சதைக்கும் நடுவுல ஊர்ந்து போகும். பக்கு அங்க ஒட்டிக்கிட்டிருக்கறதால சும்மா போக முடியாது, கொலாஜனையும் ஃபைப்ரினையும் கரைக்கற என்சைமை சுரந்து வழி வெட்டிக்கிட்டே போகணும். நாலா பக்கமும் இருந்து வந்து சந்திச்சதும் பக்குக்குப் பிடிமானம் போயிரும், தானா விழும். உங்களுக்கு ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குதுல்ல, அந்த இடம் வரைக்கும் புதுத்தோல் வந்தாச்சு. நடுவுல இன்னும் ஒட்டிக்கிட்டிருந்தா அங்க இன்னும் வேலை பாக்கி. பிச்சீங்கன்னா அந்த ஊர்ந்து வந்த செல்லும் பக்கோட சேர்ந்து வந்துரும், மறுபடி ரத்தம், மறுபடி பக்கு.

அறுந்து போன நரம்பிழை முனைகளும் அதே நேரத்துல திரும்ப வளர்ந்துக்கிட்டிருக்கும், புதுசா முளைக்கற முனை லேசா தொட்டாலே துள்ளும். புதுத்தோல் மெலிசு, ஈரத்தைப் பிடிச்சு வைக்கத் தெரியாது, காஞ்சு போகும், காஞ்ச தோல் தனியா ஒரு அரிப்பு. பக்கு சுருங்கும்போது முடியையும் ஓரத்தோலையும் இழுக்கறதும் இந்தக் கணக்குலதான் வரும்.

சொறிஞ்சா சொர்க்கம் பத்தி கேட்டீங்கல்ல. சொறியறதுங்கறது சின்னதா வலி உண்டாக்கறதுதான். அந்த வலி சிக்னல் தண்டுவடத்துக்கு வந்ததும் அங்க அரிப்பு சேதிய மேல அனுப்பற நியூரானை கொஞ்ச நேரம் அடக்கிருது. ஆனா மூளை அந்த வலியைத் தணிக்க செரோட்டோனின்ங்கற ரசாயனத்தை விடுது, 2014ல எலிகள்ல பார்த்தது என்னன்னா அந்த செரோட்டோனின் தண்டுவடத்துல அரிப்பு நியூரானையே உசுப்பி விடுது. வலியைத் தணிக்க வந்த பொருள் அரிப்பைக் கூட்டிட்டுப் போகுது. நகம் பட்ட இடத்துல புதுசா செல் உடைஞ்சு இன்னும் கொஞ்சம் அழற்சி, அது வேற. கைய எடுத்ததும் முன்னவிட அதிகமா இருக்கறது உங்க பிரமை இல்ல.

1660லயே ஹாஃபென்ரெஃபர்னு ஒரு ஜெர்மன் டாக்டர், சொறியணும்னு தூண்டற ஒரு மாதிரி பிடிக்காத உணர்வுதான் அரிப்புன்னு எழுதி வச்சாரு. இத்தனை வருஷம் கழிச்சும் மருத்துவத்துல அதே வரையறைதான் ஓடிக்கிட்டிருக்கு. சொறியறதை விட்டுட்டு அரிப்பைச் சொல்லவே முடியல பாருங்க.

@சும்மா_ஒருத்தன் கணுக்கால் விஷயம், கொட்டாவி மாதிரி அரிப்பும் தொத்தும். அடுத்தவன் சொறியறதைப் பார்த்தாலோ அதப் பத்திப் பேசினாலோ போதும். நான் இத டைப் பண்ணும்போதே தலைய சொறிஞ்சுக்கிட்டேதான் இருக்கேன்.

ராக்கோழி:

அருமை நண்பா. ராத்திரில மட்டும் ஏன் அதிகம்னு விட்டுட்டீங்களே? எனக்கும் அதே பிரச்சனை, எந்த அரிப்பா இருந்தாலும் லைட் ஆஃப் பண்ணினா தான் வேலையே ஆரம்பிக்கும். ஹிஸ்டமின்தான் காரணம்னா சளிக்குப் போடற அலர்ஜி மாத்திரை ஒண்ணு போட்டா நின்னுறாதா?

செல்_கிறுக்கன்:

ராத்திரில அழற்சிய அடக்கற கார்ட்டிசால் ஹார்மோன் அளவு இறங்கிரும், தோல்ல ரத்த ஓட்டமும் சூடும் ஏறும், தோல் வழியா ஈரம் போறதும் அதிகம். கூடவே கவனத்தைத் திருப்ப வேற எதுவும் இல்ல, மூளைக்கு அந்த ஒரு சேதிதான். போர்வைக்குள்ள கால் சூடானா இன்னும் மோசம்.

மாத்திரை ஓரளவுதான். ஹிஸ்டமின் வழியா வர்ற பங்கைத்தான் அது மறைக்கும், இன்டர்லூகின், நரம்பு வளர்றது, காஞ்ச தோல் இதுக்கெல்லாம் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பழைய வகை மாத்திரை போட்டா தூக்கம் வரும், தூங்கினதால அரிப்பு தெரியாம போகும், அதப் பார்த்துட்டு மாத்திரை அரிப்பை நிறுத்திருச்சுன்னு நினைச்சுக்குவோம். போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க, ஏற்கனவே ஒருத்தர் விழுந்துதான் இந்த த்ரெட்டே வந்திருக்கு.

வார்டு_அக்கா:

நான் நர்ஸ், காயத்துக்குக் கட்டு மாத்தறதுதான் பாதி வேலை. மேல தம்பி சொன்ன விளக்கம் எல்லாம் சரி. ஆனா அந்த "அரிக்குதுன்னா ஆறுது" வசனத்தை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா அத நம்பிட்டு வீட்டுலயே இருந்துட்டு ரொம்ப லேட்டா வர்றவங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

ஒரு பெரியவர் வந்தாரு, கால்ல சின்ன வெட்டுக்காயம், நல்லா அரிக்குது அதனால நல்லா ஆறுதுன்னு நாளுக்கு ரெண்டு தடவை ஆயின்மென்ட் தடவி பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டே இருந்திருக்காரு. கட்டைப் பிரிச்சா காயம் என்னமோ சின்னதுதான், அதைச் சுத்தி ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி பிளாஸ்டர் எவ்ளோ தூரம் இருந்துச்சோ அவ்ளோ தூரத்துக்கும் சிவந்து, குட்டி குட்டியா நீர்க்கொப்புளம், அங்கங்க நீர் கசியுது. அது அலர்ஜி. பிளாஸ்டர் பசைக்கும் வரும், ஆயின்மென்ட்ல இருக்கற மருந்துக்கும் வரும், முக்கியமா நியோமைசின் கலந்ததுக்கு வரும். அரிக்க அரிக்க ஆறுதுன்னு நினைச்சு இன்னும் தடவுவாங்க, தடவத் தடவ இன்னும் அரிக்கும். எதையும் தடவாம நிறுத்தினதும்தான் அவருக்கு அடங்க ஆரம்பிச்சுது. அரிப்பு காயத்து மேல இல்லாம சுத்தி இருக்கற நல்ல தோல்ல இருக்குன்னா, அதுவும் ஒட்டின வடிவத்துல இருக்குன்னா, ஆறுதுன்னு எடுத்துக்காதீங்க.

அடுத்து சீழ் பிடிக்கறது. சாதாரணமா ஆறற காயத்துல நாளுக்கு நாள் சிவப்பு உள்ள சுருங்கிக்கிட்டே போகணும். அது வெளிய பரவுது, தொட்டா சூடா இருக்கு, குறைஞ்ச வலி திரும்ப வந்து விண்விண்ணு தெறிக்குது, மஞ்சளா பச்சையா சீழ் வருது, நாத்தம் அடிக்குது, காய்ச்சல் அடிக்குது, காயத்துல இருந்து சிவப்பா ஒரு கோடு மேல ஏறுது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. கோடு ஏறுது, காய்ச்சலும் இருக்குன்னா ராத்திரியா இருந்தாலும் கிளம்புங்க. சிவப்பு பரவுதான்னு சந்தேகமா இருந்தா பேனால ஓரத்தைச் சுத்தி ஒரு கோடு போட்டு வச்சுருங்க, அடுத்த நாள் கோட்டைத் தாண்டிருச்சான்னு பாருங்க, நாங்க வார்டுலயும் இததான் பண்றோம்.

சுகர் இருக்கறவங்களுக்கு தனியா சொல்றேன். கால் நரம்பு மரத்துப் போயிருந்தா வலியும் தெரியாது அரிப்பும் தெரியாது, அதனால எந்த உணர்வும் இல்லங்கறது நல்ல செய்தி இல்ல, தினம் கண்ணால பார்க்கணும், அடிப்பாதத்தைக் கண்ணாடி வச்சாவது பார்க்கணும்.

ரோட்டுல விழுந்த காயம்னா தடுப்பூசி கணக்கையும் பாருங்க தம்பி. மண்ணு பட்ட காயத்துக்கு கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா பொதுவா இன்னொண்ணு போடச் சொல்லுவாங்க, உடனே போட்டிருக்கணும், போடலன்னா இப்பவாவது போய்க் கேளுங்க.

முட்டிசிராய்ப்பு:

அக்கா ரொம்ப நன்றி, ஊசி அன்னைக்கே போட்டாச்சு. சிவப்பு இல்ல, சூடு இல்ல, சீழும் இல்ல, அரிப்பு பக்குக்கு அடியிலயும் ஓரத்துலயும்தான். ஆயின்மென்ட் எதுவும் இப்ப போடறது இல்ல, காத்தாட விட்டா சீக்கிரம் காயும்னு திறந்தே வச்சிருக்கேன், அது சரிதானே?

@செல்_கிறுக்கன் செரோட்டோனின் விஷயம் தெரிஞ்சதுல இருந்து சொறியும்போது கூட ஒரு குற்ற உணர்ச்சி வருது. ஆனாலும் கை போகுது.

வார்டு_அக்கா:

காத்தாட விடற பழக்கத்தை விடுங்க தம்பி. காயணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, காயம் காயக்கூடாது, ஆறணும். ஈரப்பதம் இருந்தா அந்த செல்லெல்லாம் சுலபமா நகர்ந்து வரும், செல்_கிறுக்கன் தம்பி சொன்ன மாதிரி கெட்டிப் பக்கை வெட்டிக்கிட்டு வர வேண்டிய வேலை மிச்சம். பக்கும் பெருசா கட்டாது, இழுக்காது, அரிப்பும் அதனால குறையும். தினம் வெதுவெதுன்னு தண்ணியும் சோப்பும் போட்டு மென்மையா கழுவுங்க, தேய்க்க வேணாம், ஒத்தி எடுத்துட்டு பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசா தடவி ஒட்டாத வகை டிரெஸ்ஸிங் வச்சுக்கங்க. ஊற ஊற வெள்ளையா வெளுத்துப் போற அளவுக்கு ஈரமா வைக்கச் சொல்லல, அது வேற தொல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தி நுரை பொங்கினா சுத்தமாகுதுன்னு தினம் ஊத்தறவங்க இருக்காங்க, அது கிருமியோட சேர்த்து புதுசா வளர்ற செல்லையும் கொல்லும்.

செல்_கிறுக்கன்:

அக்கா சொன்னதுக்கு பின்னாடி ஒரு பழைய பரிசோதனை இருக்கு. 1962ல ஜார்ஜ் வின்டர்னு ஒருத்தர் பன்னிங்க முதுகுல ஒரே மாதிரி மேலோட்டமான காயம் போட்டு, பாதிய அப்படியே காத்துல விட்டு, பாதிய பாலித்தீன் ஷீட்டால மூடி வச்சாரு. மூடி வச்ச காயத்துல மேல்தோல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமா மூடிருச்சு. இப்ப வர்ற நவீன டிரெஸ்ஸிங் எல்லாத்துக்கும் அந்த ஆராய்ச்சிதான் பிள்ளையார் சுழி. 60 வருஷம் தாண்டியும் காத்தாட விடுங்கற பேச்சு மட்டும் போகல.

சும்மா_ஒருத்தன்:

அது சரி, சொறியாம இருக்க ஏதாவது வழி சொல்லுங்க, அவருக்கு அதுதானே வேணும். "சொறியாதே"ன்னு சொன்னா கை கேட்குமா?

கண்ணாடி_போட்டவன்:

கூல் பேக்கை துணில சுத்தி காயத்துக்குப் பக்கத்துல வைங்க, 5 நிமிஷம் 10 நிமிஷம் போதும். குளிர்ச்சிய உணர்ற நரம்பு வேலை செய்யும்போது அரிப்பு சேதி அமுங்கிரும், மெந்தால் போட்டா ஜில்லுனு இருக்கறதும் அதே ரிசெப்டர் வழியாதான், ஆனா மெந்தாலை திறந்த காயத்துல போட்டுறாதீங்க எரிஞ்சு தொலைக்கும். கொதிக்கற தண்ணிய ஊத்தினா அந்த நேரத்துக்கு சுகமா இருக்கும்னு சிலர் சொல்லுவாங்க, அப்புறம் தோல் காஞ்சு ரெண்டு மடங்கா அரிக்கும், அந்தப் பக்கம் போகாதீங்க.

சொறியறதுக்குப் பதிலா காயத்துக்கு ஒரு விரல் தள்ளி உள்ளங்கையால அழுத்திப் பிடிங்க, இல்ல லேசா தட்டுங்க. தூக்கத்துல போற கையை யாராலும் அடக்க முடியாது, அதனால நகத்தை ஒட்ட வெட்டிட்டு காயத்தை மூடி வச்சுட்டுப் படுங்க, நகம் துணில உரசிட்டுப் போயிரும்.

ஒரு வேடிக்கை சொல்றேன், 2013ல ஜெர்மனில ஒரு சோதனை பண்ணினாங்க. ஒரு கையில ஹிஸ்டமின் போட்டு அரிக்க விட்டு, கண்ணாடிய வச்சு வலது இடது மாறித் தெரியற மாதிரி செஞ்சு, அரிக்காத கையைச் சொறிஞ்சாங்க. கண்ணாடில பார்த்தா அரிக்கற கையச் சொறியற மாதிரி தெரியும். அதுலயே அரிப்பு ஓரளவு குறைஞ்சிருக்கு. முட்டிக்கு வேலை செய்யுமான்னு கேட்காதீங்க, ஆனா மூளைய ஏமாத்த இடம் இருக்குன்னு தெரியுதுல்ல. கை கால் எடுத்தவங்களுக்கு இல்லாத கால் அரிக்கறதும் உண்டு, அங்க சொறியக் கூட எதுவும் இருக்காது, கொடுமை.

தையல்_போட்டவள்:

நடுவுல வந்து கேட்கறதுக்கு மன்னிக்கணும். எனக்கு ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் தாண்டிருச்சு, காயம் முழுசா மூடி, தையல் எல்லாம் பிரிச்சு எப்பவோ ஆச்சு. ஆனா தழும்பு இன்னும் அரிக்குது, வெயில்ல போய்ட்டு வந்து வேர்த்தா சொல்லவே வேணாம். ஒரு இடத்துல மட்டும் தடிச்சு மேடா இருக்கு, தொட்டா சுருக்குனு இருக்கு. இன்னுமா ஆறிக்கிட்டிருக்கு?

வார்டு_அக்கா:

ஆமாம்மா, உள்ள இன்னும் வேலை நடக்கலாம். மேல மூடினதோட ஆறறது முடியறது இல்ல. அவசரத்துல போட்ட கொலாஜனை எடுத்துட்டு வேற கொலாஜனை ஒழுங்கா அடுக்கற வேலை ஒரு வருஷம், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஓடும். அப்படி முடிஞ்சப்புறமும் தழும்போட வலு பழைய தோல்ல 80 சதவீதம் பக்கம்தான் வரும். அந்த நாள்ல லேசா அரிக்கறது சகஜம்.

ஆனா மேடா தடிச்சிருக்குன்னு சொன்னீங்களே, அத காட்டிருங்க. வெட்டின கோட்டுக்குள்ளயே தடிச்சிருந்தா அது ஒரு வகை, கொஞ்ச காலத்துல தானா தணியவும் வாய்ப்பு இருக்கு. கோட்டைத் தாண்டி நல்ல தோல் மேல ஏறி வளர்ந்துக்கிட்டே போனா கெலாய்டு. தொட்டி நிரம்பினப்புறமும் மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கற மாதிரி, காயம் மூடினப்புறமும் கொலாஜன் கொட்டிக்கிட்டே இருக்கும். கெலாய்டு அரிக்கும், வலிக்கும், வெட்டி எடுத்தா மட்டும் போதாது, பெருசா திரும்ப வரும். தோல் டாக்டர்ங்க உள்ளயே ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க, சிலிகான் ஷீட் ஒட்டச் சொல்லுவாங்க, மேடும் அடங்கும் அரிப்பும் குறையும். சிலிகான் எல்லாம் முழுசா மூடின தழும்புக்கு மட்டும்தான், திறந்த காயத்துல ஒட்டக் கூடாது. மணம் இல்லாத மாய்ஸ்சரைசர் போட்டு விரலால அழுத்தி மசாஜ் பண்ணுங்க, வெயில் படாம மூடிக்கங்க.

தீக்காயத் தழும்புதான் எல்லாத்துலயும் கொடுமை. ஆழமா வெந்திருந்தா எண்ணெய்ச் சுரப்பி வேர்வைச் சுரப்பி எல்லாமே போயிருக்கும், தோல் காஞ்சு வெடிக்கும், நரம்பும் தாறுமாறா வளரும், மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல அரிக்கும். அலர்ஜி மாத்திரைக்கு அடங்காதவங்களுக்கு நரம்பு வலிக்குக் கொடுக்கற கபாபென்டின் கொடுக்கறதுண்டு, அதுக்கு நல்லா கேட்கவும் செய்யுது. காயம் மூடிருச்சே இன்னும் என்ன சொறிஞ்சுக்கிட்டுன்னு வீட்ல திட்டுவாங்க, பாவம் அவங்க வேணும்னா பண்றாங்க?

ராக்கோழி:

ஒரு சந்தேகம். ஆறற நேரத்துல சொறிஞ்சா காயம் கெட்டுப் போகுது, அப்படி இருக்க உடம்பு ஏன் இப்படி ஒரு உணர்ச்சிய வச்சிருக்கு? அரிப்பே இல்லாம ஆறியிருக்கலாமே.

செல்_கிறுக்கன்:

அரிப்பு காயத்துக்காக வந்த ஏற்பாடு இல்ல. பூச்சி, உண்ணி, முள்ளு, எரிச்சல் கொடுக்கற செடி இதெல்லாம் தோல் மேல உட்கார்ந்தா தட்டி விடறதுக்கு வந்ததுன்னுதான் பொதுவா சொல்றாங்க. அதனாலதான் தோல்லயும், கண்ணு மூக்கு தொண்டை மாதிரி வெளிய ஒட்டின இடத்துலயும்தான் அரிக்கும், ஈரலு அரிக்குது குடலு அரிக்குதுன்னு யாரும் வர்றதில்ல, அங்க கை எட்டாது. காயத்துல நடக்கற அழற்சியும் அதே ஹிஸ்டமின், அதே இன்டர்லூகின் எல்லாத்தையும் பயன்படுத்தறதால அந்த நரம்பு இது பூச்சியா காயமான்னு பிரிச்சுப் பார்க்காம கத்துது. மேல்தோல் முழுசா போன ஆழமான காயத்தோட நடுப்பகுதி வலிக்கும், அரிக்காது, ஏன்னா அரிப்பு நரம்பு முனையெல்லாம் மேல்தோல்லயும் அதுக்கு ஒட்டின கீழ்ப்பகுதிலயும்தான். ஓரத்துல இருந்து தோல் மூடிக்கிட்டு வரும்போதுதான் அரிப்பும் சேர்ந்து வருது. அந்த அளவுல "அரிக்குதுன்னா ஆறுது" சரி. அக்கா சொன்ன மாதிரி தலைகீழா மட்டும் போட்டுப் பார்க்கக் கூடாது, அரிக்கறதெல்லாம் ஆறுதுன்னு இல்ல, அரிக்கலன்னா ஆறலன்னும் இல்ல.

முட்டிசிராய்ப்பு:

கழுவி ஜெல்லி போட்டு மூடி வச்சேன், இழுக்கறது நின்னுருச்சு, அரிப்பு இருக்கு ஆனா தூங்க முடியுது. கடைசியா ஒண்ணு அக்கா, அந்தத் தூக்கிக்கிட்டு நிக்கற ஓரம் பேண்ட்ல மாட்டி மாட்டி இழுக்குது, அத மட்டும் பிச்சிரலாமா?

வார்டு_அக்கா:

பிக்காதீங்க. குளிச்சு முடிச்சதும் பக்கு ஊறி மெத்துனு இருக்கும், அப்ப சின்னக் கத்தரிய ஸ்பிரிட்ல துடைச்சுட்டு, தோலை விட்டுத் தனியா தூக்கி நிக்கற காஞ்ச பகுதிய மட்டும் ஓரமா நறுக்கி விடுங்க. இழுத்துப் பார்க்கும்போது கொஞ்சம் வலிச்சாலும் அது இன்னும் ஒட்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம், அங்கயே நிறுத்திருங்க. விழுந்தப்புறம் அந்த இடம் ரோஸா பளபளன்னு இருக்கும், பயப்பட வேணாம், கொஞ்ச நாளைக்கு ஜெல்லிய நிறுத்தாம போட்டுக்கிட்டே இருங்க, இல்லன்னா காஞ்சு மறுபடி அரிக்குதுன்னு இங்கயே வந்து நிப்பீங்க.